குங்குமம் என்னும் சொல்லும் குங்குமப்பூ என்னும் மருந்தும்



பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் பிறந்து, தெற்கே வந்து, கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவையில் வாழ்ந்தவர் பில்கணர். பாரதிதாசனின் 'புரட்சிக்கவி'க்கு மூலமாக நின்ற பில்கணீயக் கதையின் நாயகர் அவரே. ஆகவே தமிழ் வாசகர்க்கு அவர் அயலார் அல்லர். தாம் இயற்றிய 'விக்கிரமாங்கதேவ சரிதம்' என்னும் நூலில் தம் பிறந்த நாட்டைப் பற்றி அவர் ஒரு பெருமிதத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். கவிதையும் குங்குமப்பூவும் உடன்பிறந்தவை என்றும், சாரதையின் நாடாகிய காஷ்மீரத்தை விட்டு வேறெங்கும் அவை முளைக்கக் கண்டதில்லை என்றும் கருத்துப்பட அவர் கூறுகிறார். கவிதையைப் பற்றிய பாதியை, கொல்லிமலை அடிவாரத்தில் பத்தாண்டுகளாகக் கூடிப் பாட்டுப் படித்துவரும் இந்த வட்டமே மறுத்துவிடும். பூவைப் பற்றிய பாதியை மறுப்பது அவ்வளவு எளிதன்று. உலகச் சந்தைக்கு வரும் குங்குமப்பூவில் பத்தில் ஒன்பது பங்கு இன்று ஈரானில் விளைகிறது என்றாலும், இந்திய மண்ணைப் பொறுத்தவரை அது இன்றளவும் காஷ்மீரத்தின் பயிரே.

அந்தப் பூ விளையும் பாம்போர் வயல்கள் சேந்தமங்கலத்திற்கு ஏறத்தாழ 2500 கிலோமீட்டர் வடக்கே உள்ளன. ஆயினும் அதன் பெயரை அறியாத வீடு இவ்வூரில் இல்லை. மருமகளுக்கு ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ பிறந்ததும், நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகிறவரிடம் 'ஒரு டப்பா குங்குமப்பூ' என்று சொல்லியனுப்பும் வழக்கம் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி நடக்கிறது. ஒரு கிராம் சில நூறு ரூபாய். அரைக் கிராம் டப்பாவும் உண்டு. இரவு பாலைக் காய்ச்சி, இரண்டு இழை எடுத்துப் போட்டு, மாமியார் ஆற்றிக் கொடுக்க, மருமகள் குடிக்கிறாள். எதற்கு என்று கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "புள்ள செவப்பாப் பொறக்கும்."

இந்தப் பூவிற்குள் உண்மையில் என்ன இருக்கிறது, அது எதற்கு மருந்து, எதற்கு மருந்தன்று என்பதையும், அதன் பெயர் எப்படித் தமிழர் நெற்றியில் வேறொரு பொருளாக வந்து அமர்ந்தது என்பதையும் கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் எடுத்துரைப்பது பொருத்தமாக இருக்கும். காரணம், இந்த நம்பிக்கையில் கவிஞர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

குங்குமப்பூ என்று டப்பாவில் வருவது பூ அன்று. பூவின் நடுவே எழும் சூலகமுடி அது. ஊதா இதழ் விரிக்கும் சிறு பூ ஒவ்வொன்றிலும் செந்நிற இழைகள் மூன்றே. ஐப்பசி, கார்த்திகைக் குளிரில், சில வாரங்களே பூக்கும் காலத்தில், விடியலில் பூவைக் கையால் பறித்து, அந்த மூன்றிழைகளை மட்டும் கிள்ளி எடுத்து உலர்த்துகிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த இழைக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். இந்தச் செடி விதை கட்டாது. அதன் மரபணு அமைப்பே மலட்டு அமைப்பு. மனிதன் கிழங்கைத் தோண்டி, பிரித்து, மீண்டும் நட்டால்தான் உண்டு. மனிதக் கை விட்டுவிட்டால் ஓரிரு தலைமுறையில் அற்றுப்போகக்கூடிய பயிர். அதன் விலையில் பெரும்பகுதி அந்தக் கைகளின் கூலியே. காஷ்மீரக் குங்குமப்பூவிற்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குளிரூட்டிய அறைகளுக்குள் இதனை வளர்க்கும் முயற்சிகள் நாட்டின் பல பகுதிகளில் அண்மைக்காலமாக நடந்துவருகின்றன.

வேதியியலார் இந்த இழையில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் தலையானவை மூன்று. நிறத்தைத் தருவது குரோசின். கசப்பைத் தருவது பிக்ரோகுரோசின். மணத்தைத் தருவது சாஃப்ரனால். பறித்த பச்சைப் பூவில் அந்தப் புகழ்பெற்ற மணம் இல்லை. உலர்த்தும்போது கசப்புப் பொருளாகிய பிக்ரோகுரோசின் சிதைந்துதான் சாஃப்ரனால் பிறக்கிறது. கசப்பு உடைந்து மணமாகும் இந்தச் செய்தி கவிஞர்கள் காதுக்கு இனிக்கும். ஆனால் இதில் உவமை ஏதுமில்லை, வேதிவினை மட்டுமே. சர்வதேசத் தர நிறுவனத்தின் 3632ஆம் எண் தரவிதி, ஒளிமானியில் 440, 330, 257 நானோமீட்டர் அலைநீளங்களில் முறையே நிறம், மணம், கசப்பு ஆகிய மூன்றையும் அளந்துதான் குங்குமப்பூவைத் தரம் பிரிக்கிறது.

மூன்றனுள் குரோசினைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கேரட்டின் மஞ்சளும் தக்காளியின் சிவப்பும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே கரோட்டினாய்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது குரோசின். அக்குடும்பத்துப் பொருள்கள் பொதுவாக நீரில் கரையா, எண்ணெயில்தான் கரையும். குரோசின் விதிவிலக்கு. அதன் இரு முனைகளிலும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் நீரிலும் பாலிலும் கரைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான பாலில் இழையைக் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பின் சேர்க்கும் சமையற்காரர்களின் வழக்கம் வேதியியலறிந்த வழக்கம். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் மணம் ஆவியோடு போய்விடும். குடலுக்குச் சென்றதும் அந்தச் சர்க்கரை உதிர்ந்து, குரோசெட்டின் என்னும் எளிய வடிவாகித்தான் குரோசின் இரத்தத்தில் சேர்கிறது.

இங்கே பில்கணருக்கு ஒரு மறுமொழி உண்டு. இந்தக் குரோசெட்டினைச் சார்ந்த நிறம் காஷ்மீரத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழக வீட்டு முற்றங்களில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பவளமல்லிப் பூவின் காம்பில் இருக்கும் பவள நிறமும் அதே வேதிப்பொருள்தான். பவளமல்லிக் காம்பை உலர்த்திச் சாயமேற்றும் பழைய வழக்கமும், அதைக் குங்குமப்பூவோடு கலந்து விற்ற பழைய ஏமாற்றும் இந்த ஒற்றுமையால் விளைந்தவை. கசப்பும் மணமும் அதில் இல்லை. ஆகையால் மருந்தில் ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது.

இனி மருத்துவம். பாரசீக மருத்துவ மேதை இப்னு சீனா, குங்குமப்பூவை உள்ளத்தை மகிழ்விக்கும் பொருளாகத் தம் மருத்துவ நூலில் குறித்தார். யுனானி மருத்துவர்கள் அவ்வழியே அதனை மனத்தளர்ச்சிக்குத் தந்தனர். ஆயிரம் ஆண்டுப் பழமையான இந்தக் குறிப்பை டெஹ்ரான் மருத்துவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். 2004ஆம் ஆண்டு வெளியான முதற் சோதனையில், மிதமான மனச்சோர்வு கொண்ட 30 பேருக்கு ஆறு வாரம், ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறும் மற்றச் சாராருக்கு அக்காலத்தில் நன்கறியப்பட்ட இமிப்ரமின் மருந்தும் தரப்பட்டன. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். அடுத்த ஆண்டு ஃப்ளூவாக்செட்டின் மருந்தோடு ஒப்பிட்டும், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டும் சோதனைகள் நடந்தன. அவற்றின் முடிவுகளும் பூவுக்குச் சாதகமாகவே அமைந்தன. 2010ஆம் ஆண்டில் இத்தாலியில், முதுமையால் விழித்திரை நடுப்பகுதி தேயும் நோயின் தொடக்க நிலையில் இருந்தோர்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் தந்து பார்த்ததில் பார்வை உணர்திறன் சற்று மேம்பட்டது.

இவற்றைக் கேட்டு உடனே கைதட்டிவிடலாகாது. பெரும்பாலான சோதனைகள் முப்பது நாற்பது பேரளவில் நடந்த சிறு சோதனைகள். அவற்றுள் மிகுதியானவை உலகின் குங்குமப்பூவில் பத்தில் ஒன்பது பங்கை விளைவிக்கும் நாட்டிலேயே நடந்தவை. ஆய்வாளர்களின் நேர்மையில் ஐயமில்லை என்றாலும், வேறு நாடுகளில் பெரிய அளவில் நடந்து உறுதிப்படும்வரை இதனை 'நம்பிக்கை தரும் மருந்து' என்று சொல்லலாமே ஒழிய, 'நோய் தீர்க்கும் மருந்து' என்று முழங்குவது முறையன்று. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் இதனைச் சேர்த்துக்கொள்வதும் தவறு.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை லட்சம் பூவில் ஒரு கிலோ என்றால் ஒரு பூவின் மூன்றிழைக்கு எடை ஏறத்தாழ ஆறரை மில்லிகிராம்; ஓர் இழை இரண்டு மில்லிகிராம் சொச்சம். மருமகளின் பால் தம்ளரில் விழும் இரண்டிழை நான்கு, ஐந்து மில்லிகிராம். சோதனைகளில் தந்தது 30 மில்லிகிராம். அதுவும் இழையன்று, இழையிலிருந்து பிரித்து உலர்த்திய சாறு. ஆகவே அந்தத் தம்ளரில் இருப்பது மணமும் சிறிது நிறமும் நிறைய அன்பும். மருந்தென்று சொல்லும் அளவு இல்லை. அளவு குறைவாக இருப்பது ஒருவகையில் நல்லதே. நாளொன்றுக்கு ஒன்றரைக் கிராம் வரை தீங்கில்லை என்றும், ஐந்து கிராமைத் தாண்டினால் நஞ்சாகும் என்றும் மருந்தியல் நூல்கள் குறிக்கின்றன. பெரிய அளவில் அது கருப்பையைச் சுருங்கத் தூண்டும். கருவுற்றோர்க்கென்று வாங்கும் பொருளைக் கருவுற்றோரே அளவு மீறி உண்ணக்கூடாது என்பதை டப்பாவின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

சரி, பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா? பிறக்காது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின் என்னும் நிறமி. எவ்வளவு மெலனின் சுரக்கவேண்டும் என்பதைத் தாயும் தந்தையும் தந்த மரபணுக்கள் கருவுற்ற பொழுதிலேயே எழுதிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் பாலோடு உள்ளே போகும் மஞ்சள் நிறமி ஒன்று அந்த எழுத்தைத் திருத்துவதற்கு வழியே இல்லை. பின் எப்படி இந்த நம்பிக்கை இத்தனை தலைமுறை நிலைத்தது? கருநிறப் பெற்றோரின் குழந்தையும் பிறந்தவுடன் பெரும்பாலும் வெளிர் நிறமாகவே காணப்படும். அதன் உரிய நிறம் அடுத்த சில வாரங்களில், மாதங்களில்தான் தெளியும். பிறந்த அன்று பார்த்த பாட்டி, பூ பலித்தது என்கிறாள். பின்னர் நிறம் தெளிந்தபோது, வெயிலில் போட்டுக் கறுத்துவிட்டது என்று பழி மருமகள் மேல் விழுகிறது. எத்தனை வீடுகளில் இந்த உரையாடல் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இது வெறும் சமையலறைச் செய்தியாகத் தோன்றாது.

இங்கேதான் கவிஞர்களின் பங்கு வருகிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் மினுக்கம் கொண்ட கருமை கலந்த நிறம் அது. அந்த மாமை கெட்டு மேனி வெளுப்பதற்குப் பெயர் பசலை. பசலை நோய், பிரிவின் நோய். வள்ளுவர் அதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என 119ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். வெளுப்பை நோயென்றும் கருமையின் தளிர்ப்பை நலமென்றும் கண்ட மொழி இது. அதே மொழியில் இன்று 'சிவப்பு' என்றால் பெண்ணுக்கு நற்சான்று. 'கறுப்புதான், ஆனால் களையாக இருக்கிறாள்' என்னும் வாக்கியத்தில் வரும் 'ஆனால்' இல்லாமல் எத்தனை கதைகள், எத்தனைத் திரைப்பாட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன? அந்த ஆனாலுக்கு அஞ்சித்தான் தாய்மார்கள் டப்பா வாங்குகிறார்கள். கவிஞர்கள் வண்ணத்தைப் பாடும்போது இதனை நினைவிற்கொள்வது தகும்.

பணம் போவது ஒருபுறம். தமிழகத்தில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தச்சோகை உடையவர்கள் என்பதை 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரை பல வீடுகளில் மாடத்திலேயே கிடக்க, இரண்டிழைக்குச் சில நூறு செலவாகிறது. பால் உண்மையிலேயே நல்லது. ஆனால் அந்த இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்கினால் பாலின் சுண்ணாம்புச்சத்து இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ உண்டால் நன்றாகச் சேரும். மாத்திரை ஒரு வேளை, பால் வேறொரு வேளை என்று வைத்துக்கொள்ளவேண்டும்.

வாங்கும் டப்பாவில் இருப்பது குங்குமப்பூதானா என்பது அடுத்த வினா. குசும்பாப் பூவின் இதழ், சாயம் தோய்த்த சோளக் கதிர் நார், சாயமிட்ட காகிதத் துணுக்கு எல்லாம் அந்தப் பெயரில் விற்கப்பட்டிருக்கின்றன. உண்மை இழையை வெந்நீரில் இட்டால் மெதுவாகப் பொன்மஞ்சள் கசியும். இழையோ வெகுநேரம் சிவப்பாகவே இருக்கும். போலியை இட்டால் இட்டதும் சிவப்பு ஓடி, நார் வெளுத்து நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உண்மை இழையின் ஒரு முனை நாதசுர அணைசு போல விரிந்திருக்கும். அப்படி விரிந்த நாரைச் செய்ய இன்னும் யாரும் கற்றதாகத் தெரியவில்லை!

இனிச் சொல்லுக்கு வரலாம். ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியின் வாரணமாயிரத்தில் காணும் திருமணக் கனவில், குங்குமமும் சாந்தும் மேனியில் பூசி யானைமேல் உலா வரும் காட்சி உண்டு. அபிராமி அந்தாதியின் முதற்பாட்டில் அம்மையின் திருமேனிக்கு வரும் உவமைகளுள் ஒன்று குங்குமம் கரைத்த நீர். கம்பரிலும் சிந்தாமணியிலும் தோளிலும் மார்பிலும் பூசும் குழம்பாகவே குங்குமம் வரும். இங்கெல்லாம் நெற்றியில் இடும் பொடியை நினைத்துப் படித்தால் பாட்டின் மணமே போய்விடும். அவை காஷ்மீரப் பூவின் குழம்பு. வடமொழியில் குங்குமம் என்பது அந்தப் பூவின் பெயரே. 'காஷ்மீரஜம்', அதாவது காஷ்மீரத்தில் பிறந்தது, என்றும் அதனைச் சொல்வர். அரசரும் செல்வரும் பூசிய அந்தப் பொருள் எளியோர் கைக்கு எட்டாதது. எட்டாத பொருளின் பெயர் எட்டிய பொருளுக்கு வந்தது. அந்த எட்டிய பொருள் மஞ்சள்.

இன்று நெற்றியில் இடும் நல்ல குங்குமம் மஞ்சளிலிருந்தே செய்யப்படுகிறது. மஞ்சளோடு எலுமிச்சைச் சாறும் படிகாரமும் வெங்காரமும் சேர்த்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்தால் செம்பொடி கிடைக்கும். வெங்காரத்திலுள்ள போரான், எலுமிச்சையின் புளிப்பில், மஞ்சளின் குர்க்குமினோடு பிணைந்து சிவப்பாகிறது. போரானைக் கண்டறிய மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்தும் சோதனை வேதியியல் மாணவர்க்குத் தெரிந்ததே. இதன் எளிய வடிவம் ஆலம் சுற்றும் தட்டில் உண்டு. மஞ்சள் நீரில் ஒரு துளிச் சுண்ணாம்பு விழுந்ததும் நீர் சிவந்துவிடுகிறது. காரத்தைக் கண்டால் குர்க்குமின் சிவக்கும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத கிழவியும் அறிவாள். கடையில் விற்கும் மலிவுக் குங்குமங்கள் பல மஞ்சளையே காணாதவை. வேதிச் சாயங்கள் கலந்த அவற்றால் நெற்றியில் அரிப்பும் புண்ணும் வந்து வடுவாகிய பெண்கள் ஏராளம்.

காஷ்மீரம் வேண்டாம், மஞ்சள் இவ்வூருக்கு அண்டைப் பயிர். நாமகிரிப்பேட்டையில் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்துக் குவியல் குவியலாக விலை போகிறது. பத்து மாதம் காத்திருந்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிக் கொண்டுவரும் உழவர், ஒரு குவிண்டால் விற்ற பணத்தில் நல்ல குங்குமப்பூ சில பத்துக் கிராம்தான் வாங்கமுடியும். உலர்மஞ்சளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு குர்க்குமினாய்டுகள். 1815ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட குர்க்குமினின் மூலக்கூற்று அமைப்பு 1910ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

புண்ணாற்ற மஞ்சள் என்பதைத் தங்கள் கண்டுபிடிப்பாகக் காட்டி அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் 1995ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றதும், இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடியதில் 1997ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. அந்த வழக்கில் சான்றாக நின்றவை பழைய வடமொழி ஏடுகளும், 1953ஆம் ஆண்டின் ஓர் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையும் உள்ளிட்ட முப்பத்திரண்டு எழுத்துகள். வாய்மொழியாக மட்டும் இருந்திருந்தால் வழக்கு எளிதில் வென்றிராது. ஏடு பெயர்ப்பதைக் காலவிரயம் என்று கருதுவோர் இதனை நினைக்கலாம்.

மஞ்சளுக்கும் பூவிற்கும் மருந்தியலில் ஒரு நேர்மாறு உண்டு. குரோசின் நீரில் கரையும். குர்க்குமின் நீரில் கரையாது, எண்ணெயை நாடும். உண்ட குர்க்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தை எட்டுகிறது. எட்டியதும் ஈரல் அதை விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது. குர்க்குமினைச் சர்வரோக நிவாரணி என்று விற்கும் மாத்திரைகள் பெருகியுள்ள காலத்தில், 2017ஆம் ஆண்டு வெளியான விரிவான மருந்து வேதியியல் ஆய்வுரை ஒன்று, அதுவரை நடந்த கட்டுப்பாடான மருத்துவச் சோதனைகள் எதிலும் அது ஐயமறத் தேறவில்லை என்று எழுதியது. மஞ்சளுக்கும் பூவிற்குச் சொன்ன அதே நிதானம் பொருந்தும்.

ஆயினும் 1998ஆம் ஆண்டில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இரண்டு கிராம் குர்க்குமினோடு மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்க்குமின் இருபது மடங்கு உயர்ந்தது. சளிக்கு மஞ்சளும் மிளகும் இட்டுக் காய்ச்சும் பால், இரண்டும் சேரும் ரசம், எண்ணெயில் மஞ்சள்தூளைப் புரட்டிய பின் மிளகு தட்டிப்போடும் பொரியல் எல்லாம் இந்தச் சேர்க்கையே. அதற்குரிய மிளகு கொல்லிமலைக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைப் பற்றி ஏறுகிறது. மூட்டையாகி, எழுபது கொண்டையூசி வளைவுகளில் காரவள்ளிக்கு இறங்கி, சேந்தமங்கலத்துக் கடைத்தெருவைக் கடந்து நாமக்கல்லுக்குப் போகிறது.